அந்த இடத்த மட்டும் வெட்டிடு தம்பி

இன்று கல்முனையில் கமரா இல்லாத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கடற்கரையில் பெரிய சுறா ஒன்று கரைக்கு வந்தால் நேரலை. பிரதான வீதியில் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் முட்டிக்கொண்டால் விழுந்தவரைத் தூக்க இரண்டு பேர், படம் பிடிக்க இருபது பேர். மய்யித்தைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் இரங்கல் வீடியோ, சோக இசையும் சேர்ந்து, கட்டாரில் இருக்கும் மருமகனின் கைக்குப் போய்விடுகிறது. அவர் அங்கிருந்தே அழுது அதையும் எடுத்து அனுப்பிவிடுகிறார்.

எண்பதுகளின் கடைசியில் கல்முனைக்குடியில் கமரா என்றால் வெளிநாட்டுப் பெட்டியில் வந்து இறங்கும் சாமான். சவூதிக்கோ குவைத்துக்கோ போனவர் திரும்பும்போது டேப் ரெக்கோடர், வீடியோ டெக், போர்வை, தைலம் கொண்டுவருவார். தைரியமும் காசும் கூடிப்போனவர் வீடியோக் கமரா கொண்டுவருவார். அப்படி ஒருவர் கொண்டுவந்த நேஷனல் எம்-7 கமராவை வைத்துத்தான் எங்கள் வட்டாரத்தில் கலியாண வீடியோத் தொழில் நடந்தது. அவரை எல்லோரும் வீடியோக் காக்கா என்போம். அவருக்கு லைற் பிடிக்கிற பொடியன் நான். கமரா அவருடைய தோளில், லைற் என்னுடைய கையில், ஜெனரேட்டர் மாட்டுவண்டியில். கலை உலகத்துக்குள் நான் நுழைந்த பாதை இதுதான்.

அன்று எங்களுக்கு முதல் எதிரி இராணுவமும் இல்லை, இயக்கமும் இல்லை, மார்க்கத் தீர்ப்பு. உருவம் பிடிக்கிறவனிடம் கியாமத்து நாளில் அதற்கு உயிர் கொடு என்று கேட்கப்படும் என்று சொல்லிப் பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். காவின், அதாவது கலியாணப் பதிவு, எழுதும் நேரத்தில் கமராவைத் திண்ணையில் இறக்கி வைக்கச் சொல்வார்கள். காக்கா பணிவாக இறக்கி வைப்பார். ஓடுகிற கசட்டை மட்டும் நிற்பாட்ட மாட்டார். அதனால் அந்தக் காலத்துக் கசட்டுகளில் காவின் எழுதும் சத்தம் முழுதாகக் கேட்கும், படத்தில் ஆட்களுடைய கால்கள் மட்டும் தெரியும். இன்று குத்பா பேஸ்புக்கில் நேரலையாகப் போகிறது. மிம்பருக்கு முன்னால் ட்ரைபொட் நிற்கிறது. அது கொஞ்சம் சரிந்தால் நிர்வாக சபைத் தலைவரே எழும்பி வந்து நேராக்குகிறார். அன்று பயமுறுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் கீழே லைக் போடுகிறார்கள்.

அடுத்தது பாதுகாப்பு. தோளில் எம்-7 கமராவோடு இருட்டில் நடந்து வருகிற மனிதனைத் தூரத்தில் நின்று பார்த்தால் வீடியோக்காரர் என்று நினைக்க அந்தக் காலத்தில் ஒருவருக்கும் காரணமில்லை. இந்திய அமைதிப்படை இருந்தபோது ஒரு விதமான கேள்வி. அது போன பிறகு அதிரடிப்படையிடமிருந்து வேறு விதமான கேள்வி. இயக்கப் பொடியன்களிடம் இன்னொன்று, ஊர்காவல் படையிடம் மற்றொன்று. நாலு பக்கமும் கேட்டது ஒன்றைத்தான்: இதை யாருக்காக எடுக்கிறாய்? காக்கா நாலு பக்கத்துக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "மாப்புள ஊட்டுக்கு." அது ஒன்றைத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

ஈரானிய இயக்குநர் ஜாபர் பனாகி படம் எடுக்கத் தடை விதிக்கப்பட்டிருந்த நேரம், வீட்டுக்குள்ளேயே ஒரு படம் எடுத்தார். 'இது ஒரு திரைப்படமல்ல' என்று பெயரும் வைத்தார். 2011 இல் அது கான் திரைப்பட விழாவுக்குப் போனபோது, யூ.எஸ்.பி.யில் போட்டுக் கேக்குக்குள் ஒளித்து அனுப்பினார்கள் என்று செய்தி வந்தது. உலகம் வியந்தது. நான் வியக்கவில்லை. சாய்ந்தமருதுக் கலியாணம் ஒன்றுக்கு எங்கள் கமரா பன்பெட்டியில், வட்டிலப்பச் சட்டிகளுக்கு அடியில், சீலையில் சுற்றிப் போயிருக்கிறது. சோதனைச்சாவடியில் இரண்டு சட்டி குறைந்தது. கமரா குறையவில்லை. எங்களை ஒரு விழாவுக்கும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கையில் கமராவைப் பிடித்து, ஆட்டத்தோடு எடுப்பது ஒரு பாணி என்றும், அது உண்மைக்குக் கிட்ட நிற்கிறது என்றும் பிற்காலத்தில் வாசித்து அறிந்தேன். காக்காவின் படங்களும் ஆடும். பாணி ஒன்றுமில்லை. கமரா பாரம், இடம் பயம். சில நேரம் இரண்டும் சேரும்போது படம் மிகவும் உண்மையாக இருக்கும்.

அப்படி ஆடிய படங்களில் என்னவெல்லாம் பதிந்தது என்று இன்று நினைத்தால் தலை சுற்றுகிறது. ராத்திரிக் கலியாணங்கள் ஊரடங்கால் பகலுக்கு மாறியது பதிந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் இராணுவச் சென்றியைக் கடக்கும்போது றபான் அடிப்பவர்களின் கை தானாகத் தணிவது பதிந்தது. ஒரு சென்றியில் சிங்களச் சிப்பாய் ஒருவன் எங்களை மறித்து நிறுத்தினான். எல்லோருக்கும் வயிறு கலங்கியது. அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, துவக்கைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னான். ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் காட்டவாம். காக்கா எடுத்தார். அந்தப் பொடியனுடைய அம்மா அதைப் பார்த்திருக்க வழியில்லை. மாப்பிள்ளையின் உம்மா பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த இடத்த மட்டும் வெட்டிடு தம்பி."

எங்கள் தொழிலின் முழு வரலாறும் இந்த ஒற்றை வசனம்தான். பெண்கள் குரவை இடும்போது கடல் பக்கத்தில் ஒரு வெடிச்சத்தம், கமரா திடுக்கிட்டு வானத்தைப் பார்க்கிறது. அந்த இடத்தை வெட்டு. விருந்துக்கு வந்த தமிழ் வாத்தியார் அவசரமாக எழும்பிப் போகிறார், வாசலில் யாரோ காதில் ஏதோ சொல்கிறார்கள், வெட்டு. இரண்டு மாதம் கழித்துக் காணாமல் போன மச்சான் ஒருவர் சிரித்துக்கொண்டு சோறு பரிமாறுகிறார். பார்க்க ஏலாமல் கிடக்கு, அதையும் வெட்டு. காக்கா இரண்டு டெக்கை வயரால் இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவார். வேண்டாத இடத்தில் பதிவை நிற்பாட்டுவார். இடைவெளியில் தமிழ்ப் படப் பாட்டும், சுவிஸ் மலையும், பறக்கிற புறாவும் வந்து உட்காரும். இதற்குப் பெயர் மிக்ஸிங். அதற்குத் தனிக் காசு. மூலக் கசட்டு அடுத்த கலியாணத்துக்குப் போகும். வெற்றுக் கசட்டு அந்த நாளில் மலிந்து கிடக்கவில்லை.

இதிலுள்ள வேடிக்கையை அப்போது நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. மிக்ஸிங்குக்குக் காசு கொடுத்த பணக்கார வீட்டுக் கசட்டுகளில் சுவிஸ் மலை இருக்கிறது. காசு இல்லாமல், 'எடுத்ததை எடுத்தபடியே தாங்க காக்கா' என்று வாங்கிப்போன ஏழை வீட்டுக் கசட்டுகளில் கல்முனை இருக்கிறது. சென்றி, மூடிக்கிடக்கும் கடைகள், மதில் எழுத்துகள், முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரபின் கூட்டச் சுவரொட்டி, கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வந்த சனம் எல்லாம் இருக்கிறது. எங்கள் கரையோரத்தின் போர்க்காலத்தைச் சுயாதீனமாக, கையில் கமராவோடு எடுத்த படம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இயக்குநருக்கே தெரியாமல் எடுத்த படம்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இந்தியாவில் நடந்தது. 1974 இல் பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் தலைமையில் பெரும் எழுச்சி வந்தபோது, ஆனந்த் பட்வர்தன் என்ற இளைஞர் இரவல் வாங்கிய சிறிய கமராவோடு அங்கே போனார். எட்டு மில்லிமீற்றரில் எடுத்ததைத் திரையில் ஓட்டி, அந்தத் திரையைப் பதினாறு மில்லிமீற்றரில் மறுபடி படம்பிடித்து, 'புரட்சியின் அலைகள்' என்று பொருள்படும் தலைப்பில் படமாக்கினார். மறு ஆண்டு இந்திரா காந்தி அவசரகாலநிலையைப் பிரகடனம் செய்தார். பட்வர்தன் படச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, வெளிநாடு போகிற நண்பர்களிடம் கொடுத்தனுப்பி, கடல் கடந்த பிறகு ஒட்டிச் சேர்த்தார். அவரும் வெட்டினார், நாங்களும் வெட்டினோம். அவர் வெட்டியது காப்பாற்றுவதற்கு.

1990 வந்தது. ஜூன் மாதம் கிழக்கில் சரணடைந்த பொலிஸ்காரர்களைப் புலிகள் கொன்றார்கள். இராணுவம் திரும்ப உள்ளே வந்த நாட்களில் கல்முனையில் தமிழ்ச் சனம் பலர் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்த மாதங்களில் எம்-7 கமரா பொலித்தீனில் சுற்றப்பட்டு நெல்லுக்குள் புதைந்து கிடந்தது. எங்களுடைய சாவுக்கும் எங்களிடம் அசையும் படமில்லை. பக்கத்துத் தெருத் தமிழ்ச் சனத்தின் சாவுக்கும் இல்லை. படம் இல்லாத இடத்தில் இரண்டு பக்கமும் தன்தன் கதையை மட்டும் வளர்த்துக்கொண்டது. மற்றவருடைய கதையை மாற்றிச் சொல்வதும் சுலபமாயிற்று.

பிறகு 2004 டிசம்பர் 26. போயா விடுமுறை, ஞாயிறு காலை. மருதமுனையிலிருந்து கீழே சாய்ந்தமருது, நிந்தவூர் வரைக்கும் கடலோரத் தெருக்களைக் கடல் வந்து எடுத்துக்கொண்டு போனது. இலங்கையில் அதிக உயிரை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான்; பத்தாயிரத்துக்கும் மேல். வீடுகளோடு அல்பங்களும் கசட்டுகளும் போயின. சில கிழமைகளில் காக்காவின் வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "எங்கட கலியாணக் கசட்டுல ஒரு கொப்பி உங்களுக்கிட்ட இரிக்கா காக்கா?"

அவர்கள் கேட்டது மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கல்ல. ஒரு மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிற மூத்தம்மாவைப் பார்க்க. பந்தலுக்குப் பின்னால் ஓடிப்போகிற சின்ன மகனைப் பார்க்க. தங்களுடைய தெரு எப்படி இருந்தது, மதில் எந்த நிறம், கிணறு எந்தப் பக்கம் என்று பார்க்க. எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணக் கசட்டு என்றால் அது அந்தப் பெண்ணுடைய வீட்டின் படமும்தான். சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு போன பிறகு அது நின்ற இடத்துக்குச் சாட்சி அந்தக் கசட்டு. ஒரு பெண், தன் கணவர் காசு கொடுத்து வெட்டவைத்த இடத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார். சோறு பரிமாறிய மச்சானின் இடம். காக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இது அன்று. இன்றைக்கு வருவோம்.

2009 இல் கமரா தொலைபேசிக்குள் குடியேறியிருந்தது. இறுதிப் போரில் கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படுகிற காட்சியை லண்டனின் சனல் 4 அந்த ஆண்டு ஓகஸ்டில் ஒளிபரப்பியது. எடுத்தது தொலைபேசிக் கமரா. அரசாங்கம் போலி என்றது, ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் நிபுணர்களை வைத்துப் பார்த்து, உண்மையானதாகவே தெரிகிறது என்றார். சிப்பாய்கள் தங்களுக்குள் வெற்றி ஞாபகமாகச் சுற்றவிட்ட படங்கள்தான் இப்படி வெளியே வந்தன என்று சொல்லப்பட்டது. சாட்சி சொல்ல நினைத்து எடுத்தவை அழிந்துபோக, பெருமைக்கு எடுத்தது சாட்சியாகி நின்றது.

2018 பெப்ரவரியில் அம்பாறை நகரச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் சாப்பிட வந்த சிங்களவர் சிலர் கறிக்குள் ஒரு கட்டியைக் கண்டார்கள். மலடாக்கும் மாத்திரை என்றார்கள். கூட்டம் சூழ்ந்தது. காசாளராக இருந்த முஸ்லிம் இளைஞனுக்குச் சிங்களம் சரியாகப் பிடிபடாது. போட்டாயா, போட்டாயா என்று அதட்டினார்கள். என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல் பயத்தில் 'ஓம்' என்பதுபோல் ஏதோ சொன்னார். ஒரு தொலைபேசி அதை மட்டும் எடுத்தது. அந்த இரவே அம்பாறைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது, கடை நொறுங்கியது, வாகனங்கள் எரிந்தன. வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. மார்ச்சில் கண்டிப் பக்கத்தில் திகன எரிந்தது. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார்: மாவுக்கட்டி.

அந்த வீடியோவில் ஒரு சொல்லையும் யாரும் சேர்க்கவில்லை. பொய்ச் சட்டகம் ஒன்றும் இல்லை. அந்தத் துண்டுக்கு முன்னும் பின்னும் நடந்தது வெட்டுப்பட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். காக்காவுக்கு இரண்டு டெக்கும் ஒரு ராத்திரியும் வேண்டியிருந்த வேலையை ஒரு பெருவிரல் செய்து முடித்தது. அரசாங்கம் ஒரு வாரமளவு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் மூடியது. வீடு எரிந்த பிறகு நெருப்புப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 26, சாய்ந்தமருதில் வாடகை வீடொன்றில் பதுங்கியிருந்த அந்தத் தாக்குதல் கும்பலைச் சேர்ந்தவர்களைப் பற்றி ஊர்ச் சனமே தகவல் கொடுத்தது. மாலையில் துப்பாக்கிச் சூடு, குண்டு வெடிப்பு. செத்தவர்களில் பச்சைப் பிள்ளைகளும் உண்டு. ஊர் காட்டிக்கொடுத்ததற்கு ஊரிடம் நன்றி சொன்னவர்கள் கொஞ்சம். ஊரைச் சோதனை போட வந்தவர்கள் நிறைய. அந்த வாரத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் நடந்த பெரிய வேலை அழிப்பு. அரபு எழுத்துள்ள கிதாபுகள் கிணற்றுக்குள் போயின. தொலைபேசிகளில் உம்றாப் படங்கள், மத்ரஸா ஆண்டு விழா, அரபுப் பாட்டு வைத்த கலியாண வீடியோ எல்லாம் போயின. என் தங்கையின் மகன் நடுராத்திரி வரைக்கும் உட்கார்ந்து அழித்தான். என்னடா மருமகன் செய்கிறாய் என்றால், "பாதுகாப்புக்கு மாமா" என்றான். எனக்கு மாப்பிள்ளையின் உம்மா ஞாபகம் வந்தார்.

அதே மருமகன் 2022 இல் கொழும்புக் காலிமுகத்திடல் போராட்டத்தில் நின்றான். அதற்கு முந்திய ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை வந்து எங்கள் போடியார்மாரின் வயல் மஞ்சளாகியிருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் மணலில் கிடந்தன. ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் வரிசையைப் படம் எடுத்தோம். பெற்றோல் இல்லாவிட்டாலும் டேட்டா இருந்தது. ஏப்ரல் 3 ஆம் திகதி சமூக ஊடகங்களை மூடினார்கள். ஒரு நாள் முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை, திறந்தார்கள். திடலில் எழுந்த போராட்டக் கிராமமான கோட்டா கோ கமவில் நோன்பு திறந்ததை மருமகன் நேரலையில் காட்டினான். கஞ்சிக் கோப்பையோடு பிக்குவும் பாதிரியாரும் பக்கத்தில். மூன்று வருடத்துக்கு முன் அரபு எழுத்தைக் கிணற்றில் போட்ட வீட்டுப் பொடியன், கொழும்பின் நடுவில் பாங்கு சொல்வதைப் படம் பிடிக்கிறான்! ஜூலை 9 இல் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் சனம் குதித்ததை உலகம் முழுக்கக் கண்டது. ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டுப் போனார்.

ஜூலை 22 விடிவதற்கு முன் படையினர் திடலுக்குள் புகுந்தார்கள். பிபிசி படப்பிடிப்பாளர் ஒருவரை அடித்து, தொலைபேசியைப் பறித்து, அதிலிருந்த வீடியோக்களை அழித்தார்கள். அந்த நேரமும் உத்தரவு அதேதான்: அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடு. மருமகனிடம் அவனுடைய நேரலைகளைக் கேட்டேன். கொஞ்சம் ஸ்டோரியில் போட்டதாம். அது இருபத்துநாலு மணித்தியாலத்தில் தானாகப் போய்விட்டது. மிச்சம் பழைய தொலைபேசியிலாம். அதை விற்று புதியது வாங்கிவிட்டான். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 இல் வந்த பிறகு, எஞ்சியிருந்த பதிவுகளையும் அவனே நீக்கிவிட்டான். படையினருக்கு வேலை வைக்கவில்லை.

ஆக, அன்று ஊருக்கே ஒரு கமரா, ஆயிரம் கண்கள். அந்த ஒரு கமரா தெரியாமல் எடுத்தது முப்பது வருடம் நின்றது. இன்று ஆயிரம் கமராக்கள். தெரிந்தே எடுத்தது மூன்று வருடம் நிற்கவில்லை. தொழில்நுட்பம் வளர்ந்தது எடுப்பதில் மட்டுமல்ல, வெட்டுவதிலும்தான்.

கசட்டும் சாகாவரம் பெற்றதில்லை. உப்புக் காற்றில் நாடாவில் பூஞ்சணம் ஏறுகிறது, காந்தப் பூச்சு உதிர்கிறது. உலகில் கடைசியாக வீடியோ டெக் செய்த ஜப்பானிய நிறுவனமான புனாய் 2016 ஜூலையில் கையை விட்டது. இனி இருக்கிற பழைய டெக்குகள்தான். அவை ஓடுகிற வரைக்கும்தான் நேரம்.

ஆகவே கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிற உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் ஒரு வேண்டுகோள். அலுமாரிக்கு மேலே கிடக்கிற கலியாணக் கசட்டை, அதிலும் மிக்ஸிங் செய்யாத கசட்டை, வீசாதீர்கள். டிஜிட்டலுக்கு மாற்றி, யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். ஆவணங்களைச் சேர்த்துப் பாதுகாக்க நூலக நிறுவனம் இருக்கிறது, ஒலுவிலில் நமக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, கதவைத் தட்டுங்கள். மருமகன்மாருக்குச் சொல்வது சுருக்கம்: போடுவதைப் போடு, எடுத்ததை முழுசாக வை. காசு கொடுத்து வெட்டச் சொன்ன ஊர் இது. இனியாவது காசு செலவழித்து வெட்டாமல் வைக்கப் பழகட்டும்.